பிடித்தம்

மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை.
விடியுமுன் கார்க் கண்ணாடியின் பனியைச் சுரண்டிவிட்டு
தொண்ணூறு மைல் தெற்கே போவோம்,
நானும் மார்லிஸ் ஹாகெனும்.
அவள் மடியில் திருத்தாத விடைத்தாள்கள்.
டுலூத் வந்து சேரும்போதும்
திருத்தாமலேதான் இருக்கும்.

பல்கலைக்கழகத்தில் காப்பி நன்றாக இருக்கும்,
அது முதல் நாளே தெரிந்துவிட்டது.
மற்றதெல்லாம் தெரிய நாளானது.

வரலாறு என்றால் என்ன என்று
பேராசிரியர் வான்டர்மீர் எங்களுக்குச் சொன்னார்.
இருபத்திரண்டு வருடமாக
ஒரு நாளைக்கு ஐந்து தடவை
பதினைந்து வயதுக்காரர்களிடம் அதையே சொல்லும் நாங்கள்
குறிப்பெடுத்துக்கொண்டோம்.
கையெழுத்துப் போட்டால் ஆறு மணி நேரம் கணக்கில் ஏறும்.
உரிமம் புதுப்பிக்க நூற்றிருபத்தைந்து வேண்டும்.

இரண்டாம் ஆண்டு பெட்டிகளைத் திறந்தார்கள்.
பென்சிலுக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி.
ஹார்லன் இரும்புச் சுரங்கம், சம்பளப் பேரேடு, 1913.
அட்டை உதிர்ந்து விரலில் செந்தூளாய் ஒட்டியது.
இரும்புத் தூசி என்று நினைத்தேன்.
தோல் மக்கினால் இப்படித்தான் என்றார் காப்பக ஊழியர்.
என் நினைப்பை நான் விடவில்லை.

“இதிலிருந்து கூலி விகிதத்தை எடுக்கலாம்” என்றார் பேராசிரியர்.
“ஒன்பதாம் வகுப்பு இதிலிருந்து எதை எடுக்கும்?” என்றாள் மார்லிஸ்.
அதற்கு அவரிடம் அடிக்குறிப்பு இல்லை.
வந்து பாருங்களேன் என்றோம்,
வரமாட்டார் என்ற தைரியத்தில்.

மார்ச்சில் வந்தார். பனி உருகிய சேற்றில்
நல்ல ஷூ போட்டுக்கொண்டு.
மூன்றாம் பாடவேளை.
முப்பத்தொரு பேர். மூவர் தூக்கத்தில்.
ஒருத்தி ஜன்னல் வழியே தாதுலாரிகளை எண்ணிக்கொண்டு.
“மூலாதாரம் என்பது...” என்று தொடங்கினார்.
மூலாதாரம் தரையில் விழுந்தது.
எடுத்துத் தர யாரும் குனியவில்லை.
எனக்கு, சொல்லக்கூடாது, கொஞ்சம் சந்தோஷம்.

பிறகு நகல்களைக் கொடுத்தேன்.
ஆளுக்கொரு வரி. ஒரே ஒரு கேள்வி:
உன் ஆள் கையில் எவ்வளவு வாங்கிப் போனான்?

செப்டம்பரிலிருந்து வாய் திறக்காத டாரில் ப்ரெபிச்
தாளைத் தூக்கிப் பிடித்தான்.
“வெடிமருந்துக்கு ஏன் இவனிடம் பிடிக்கிறார்கள்?
சுரங்கம் அவர்களுடையதுதானே?
பாறையும் அவர்களுடையதுதானே?”

திரிக்குப் பிடித்திருந்தது. மருத்துவருக்கு. வாடகைக்கு.
ஐம்பத்தெட்டு டாலரில் பத்தொன்பது மிச்சம்.

“எங்கம்மாவுக்கும் ஷூவுக்குப் பிடித்தார்கள்” என்றான்.
“கிடங்கில். அவர்களே போடச் சொன்ன ஷூ.”

தூங்கியவர்களில் இருவர் எழுந்துகொண்டார்கள்.
மூன்றாமவன் எழவில்லை,
உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா.
வான்டர்மீர் ஒரு மாணவ நாற்காலியில்
முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்து
அவர்களோடு கழித்துக்கொண்டிருந்தார்.
ஏட்டுச் சுரைக்காய்
அன்று கறிக்கு உதவியது.

வாகன நிறுத்தத்தில் சாவியைத் தேடியபடியே சொன்னார்:
“பதினோரு வருடம் இந்தப் பேரேட்டைப் படித்தேன்.
இடப் பக்கத்தை மட்டும்.
வலப் பக்கம் ஏதோ கணக்கர் சமாச்சாரம் என்று.”
நான் பதில் சொல்லவில்லை.
இருபத்திரண்டு வருடத்தில்
நான் படிக்காத பக்கங்கள் நினைவுக்கு வந்தன.
டாரிலும் ஒன்று.

மூன்றாம் ஆண்டோடு நிதி முடிந்தது.
மதிப்பெண் எத்தனை சதவீதம் கூடியது என்று
அறிக்கைப் படிவம் கேட்டது.
இரண்டு என்று எழுதினோம்.
டாரில் ஆண்டுத் தேர்வில் தோற்றான்.
அங்கே கேள்விகளை அவர்களே கேட்டார்கள்.

இப்போதும் சில சனிக்கிழமைகளில் போகிறோம்.
மணிநேரம் கணக்கில் ஏறாது.
வான்டர்மீர் ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவருகிறார்,
வாயில் வைக்க முடியாது.
பெட்ரோல் எங்கள் கையிலிருந்து.
வீட்டுக் கணக்கு நோட்டில்,
வலப் பக்கத்தில்,
பிடித்தம் என்று எழுதி வைக்கிறேன்.